சைக்கிள் செயினில் ஜெவன்ஸ் எண்

8616460799 என்ற எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரிக்கச் சைக்கிள் செயின்களை வைத்து நான் செய்த பொறி, அதாவது சங்கிலிச் சல்லடை, ஒருவழியாக வேலை செய்துவிட்டது. கைப்பிடியைப் பல் பல்லாகச் சுற்றிக்கொண்டே வந்தேன்; சிவப்பு விளக்கு 80 என்று எழுதிய கண்ணியில் எரிந்து நின்றது. அதற்கு முன் எங்கேயும் எரியவில்லை. அந்த 80-க்கு முன்னால் 928 சேர்த்துப் படிக்க வேண்டும்: 92880. அதன் வர்க்கத்திலிருந்து 8616460799-ஐக் கழித்தால் மிஞ்சுவது 10233601. அது 3199-இன் வர்க்கம். 92880-உடன் 3199-ஐக் கூட்டினால் 96079, கழித்தால் 89681. இந்த இரண்டையும் பெருக்கினால் 8616460799. மறந்துபோவதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். வேறு யாராவது செய்ய நினைத்தால் எந்த இடத்தில் எது கழன்று விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

முதலில் எண்ணைப் பற்றி. 861 கோடியே 64 லட்சத்து 60 ஆயிரத்து 799. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1874-இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவரும் என்று தோன்றவில்லை என்றும் எழுதினார். பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது கஷ்டம் என்று காட்டத்தான் அந்த உதாரணம். 1882-இல் அவர் கடலில் குளிக்கப் போனபோது மூழ்கி இறந்தார். 1889-இல் சார்ல்ஸ் பஸ்க் என்பவர் அந்த எண்ணைப் பிரித்துவிட்டார். 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் டெரிக் நார்மன் லெமர் தனியாகப் பிரித்தார். பிற்காலத்தில் சாலமன் கோலம் என்ற இன்னொரு அமெரிக்கக் கணித அறிஞர் கையடக்கக் கால்குலேட்டரை வைத்தே பிரித்துக் காட்டினார்.

என்னை இதில் இழுத்துவிட்டது லெமர் குடும்பம்தான். தந்தை லெமர் எண்களைப் பிரிக்கும் பெரிய அட்டவணைகளைத் தயாரித்தவர். மகன் டெரிக் ஹென்றி லெமர் 1926-இல், இருபத்தொரு வயதில், சைக்கிள் செயின்களைத் தொங்கவிட்டு எண்களைச் சலிக்கும் பொறியைச் செய்தார். தந்தை பிரித்த எண்ணை மகனுடைய பொறியைப் போன்ற ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பினாங்கில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறவனுக்குச் செயினும் பல்சக்கரமும் புதிதல்ல. ஜெவன்ஸும் சும்மா எழுதிக்கொண்டு மட்டும் இருந்தவர் இல்லை. பியானோ மாதிரி கட்டைகளை அழுத்தி இயக்கும் தர்க்கப் பொறி ஒன்றைச் செய்து 1870-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டியவர் அவர். அவருடைய எண்ணைப் பொறியில் ஓட்டுவது அவருக்கும் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண்ணை x-இன் வர்க்கம் கழித்தல் y-இன் வர்க்கம் என்று எழுத முடிந்தால் காரணிகள் கையில் வந்துவிடும். 8616460799-இன் வர்க்கமூலம் 92824-க்கும் 92825-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே x-ஐ 92825-இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் x-இன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்த மிச்சம் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். எல்லா x-ஐயும் சோதிக்கத் தேவையில்லை என்பதுதான் சல்லடையின் பயன். உதாரணமாக நம் எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 2. x-ஐ 7-ஆல் வகுத்தால் வரும் மீதி 0, 1, 6 ஆக இருந்தால் மிச்சம் ஒருநாளும் வர்க்கமாக இருக்க முடியாது. 2, 3, 4, 5 என்றால் இருக்கலாம். இப்படி ஒவ்வொரு வகு எண்ணுக்கும் ஒரு செயின். கண்ணிகள் மீதிகளைக் குறிக்கும். எல்லாச் செயின்களும் ஒரே தண்டில் ஒரே சீராக நகரும். அத்தனை செயினும் ஒரே நேரத்தில் 'இருக்கலாம்' என்று சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மீதிக் கணக்கைப் போட்டவன் என் தங்கை மகன். ஐந்தாம் படிவம் படிக்கிறான், சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்துவிடுவான். அவன் போட்டுக் கொடுத்த பட்டியலை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும். 5-ஆல் வகுத்தால் x-இன் மீதி 0, 2, 3 மட்டும். 7-க்கு 2, 3, 4, 5. 11-க்கு 1, 2, 4, 7, 9, 10. 13-க்கு 1, 5, 6, 7, 8, 12. இவையெல்லாம் பாதிக்குப் பாதி வடிகட்டும், அவ்வளவுதான். ஆனால் 3-க்குப் போட்டபோது 0 மட்டுமே மிஞ்சியது; 8-க்குப் போட்டபோது 0-உம் 4-உம் மட்டுமே மிஞ்சின. அதாவது x கட்டாயம் 12-இன் மடங்கு. இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 8616460800, அது 24-ஆல் மீதியில்லாமல் வகுபடும். அப்படி 24-இன் மடங்குக்கு ஒன்று குறைவாக இருக்கும் எந்த எண்ணையும் இரண்டு காரணிகளாகப் பிரித்தால், அந்த இரண்டின் கூட்டுத்தொகை 24-ஆல் வகுபட்டே தீரும். எளிய உதாரணம் 95: 5-உம் 19-உம், கூட்டினால் 24. ஜெவன்ஸ் எண்ணில் 89681-உம் 96079-உம் கூட்டினால் 185760, அதாவது 24 பெருக்கல் 7740. பத்து இலக்கத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்த இந்த ஒரு குணம் பன்னிரண்டில் பதினொரு பங்கு வேலையை ஒரே அடியில் குறைத்துவிடுகிறது. இந்தக் கணக்கு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆக 12, 5, 7, 11, 13 என்று ஐந்து செயின்கள். ஆறாவதாக எண்ணிக்கைச் செயின் ஒன்று. அதில் நூறு கண்ணி, 00 முதல் 99 வரை எழுதினால் x-இன் கடைசி இரண்டு இலக்கத்தை அப்படியே படித்துவிடலாம்.

செயின் வெட்டுவதற்கு முன் ஒரு விஷயம். சைக்கிள் செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வரும். அதனால் வளையமாக மூட வேண்டுமானால் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 7 கண்ணியிலோ 13 கண்ணியிலோ வளையம் போட முடியாது. அப்படியே 14 கண்ணியில் போட்டாலும் பல்சக்கரத்தில் ஏறாத அளவுக்குக் குட்டையாகிவிடும். எனவே மடங்குகளை எடுத்தேன்: 12-க்கு 36 கண்ணி, 5-க்கு 30, 7-க்கு 42, 11-க்கு 44, 13-க்கு 52. கடையில் கிடைக்கும் சாதாரணச் செயின் 112 கண்ணி. 36, 30, 42 மூன்றையும் கூட்டினால் 108, ஒரு செயினில் அடங்கிவிடும். 44-உம் 52-உம் 96, இன்னொரு செயின். எண்ணிக்கைச் செயினுக்கு மூன்றாவது. மூன்றே செயினில் முடிந்தது. ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நூறு கண்ணி வளையத்தின் மொத்த நீளம் 1270 மி.மீ. அது தொங்குவதற்குத் தண்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 560 மி.மீ. இடம் வேண்டும். தண்டை 750 மி.மீ. உயரத்தில் வைத்தேன்.

பல்சக்கரத்தில்தான் முதலில் சறுக்கியது. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய ஃப்ரீவீல்கள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் 18 பல், விலையும் மலிவு. வாங்கி மாட்டிச் சுற்றியபோது செயின்கள் ஒன்றுக்கொன்று அரைப் பல், முக்கால் பல் பின்தங்கின. உள்ளே இருக்கும் நாய்ப்பல் (சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் கொக்கி) பிடிக்கும் இடம் ஒவ்வொரு ஃப்ரீவீலிலும் வேறு வேறு. எல்லாம் ஒரே சீராக நகர வேண்டிய பொறிக்கு அது ஆகவே ஆகாது. ஆயர் ஈத்தாமில் உள்ள சைக்கிள் கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கேட்டேன். பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் சிறுவர் சைக்கிளுக்குப் போடும் 18 பல் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். ஒரே தகடு, சுழலும் பாகம் எதுவும் இல்லை, உள்ளே மூன்று காது. "எத்தனை?" என்றார். ஏழு என்றதும், "பாசிக்கால் மானா?" (சைக்கிள் எங்கே?) என்று வாசலை எட்டிப் பார்த்தார். சைக்கிள் இல்லை, கணக்குப் போடும் பொறி என்று மலாயில் விளக்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பற்கள் தேயாத ஏழாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார்.

அந்தச் சக்கரத்தின் உள்விட்டம் 35 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. திரைச்சீலை மாட்டும் 35 மி.மீ. மரக்கம்பு லேசாக உப்புத்தாள் போட்டதும் கச்சிதமாக உள்ளே போனது. மூன்று காதுகளுக்காகக் கம்பின் நீளத்துக்கு மூன்று பள்ளம் போட வேண்டும். இரும்பறுக்கும் ரம்பத்தால் இரண்டு கோடு கீறி, நடுவில் உள்ளதை மெல்லிய அரத்தால் எடுத்தேன். இதில் அவசரப்படக் கூடாது. பள்ளம் கால் மில்லிமீட்டர் அகலமாகிவிட்டாலும் சக்கரம் ஆடும். சக்கரங்களுக்கு இடையில் 40 மி.மீ. இடைவெளி விட்டேன். கம்பின் மொத்த நீளம் 340 மி.மீ. இரு முனையிலும் 8 மி.மீ. போல்ட், அது 608 பேரிங்கில் உட்காரும். பேரிங்குகளைத் தாங்க இரண்டு பிளைவுட் பலகை. ஒரு முனையில் கைப்பிடி.

ஏழாவது சக்கரத்துக்குச் செயின் கிடையாது. ஒவ்வொரு பல்லுக்கும் 'டக்' என்று நிற்க வேண்டும் அல்லவா, அதற்காக. முதல் செயினை வெட்டியதில் மிஞ்சிய நான்கு கண்ணியில் ஒன்றை ஒரு மரக்கையின் முனையில் பொருத்தி, ஸ்பிரிங்கால் இழுத்து அந்தச் சக்கரத்தின் மேல் அழுத்த விட்டேன். செயினின் உருளை அதற்கென்றே செய்த பள்ளத்தில் விழுவதால் தண்டு துல்லியமாக நிற்கிறது. இந்தப் பொறியில் ஒரு முறைகூடத் தொந்தரவு தராத பாகம் இதுதான்.

இனி தகட்டு நாக்குகள். எந்த மீதி சரி, எந்த மீதி தவறு என்று பொறிக்குச் சொல்வது இவைதான். 15 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் உள்ள அலுமினியப் பட்டையைத் தகரக் கத்திரியால் 4 மி.மீ.க்கு ஒன்றாக நறுக்கினேன். கண்ணியின் பக்கத் தகட்டில் பாதியை ஒட்டினால் மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உள்கண்ணியின் இரண்டு முனையையும் பக்கத்து வெளிக்கண்ணிகள் மூடியிருக்கின்றன. ஒட்டுவதற்கு நடுவில் கிடைக்கிற இடம் அவ்வளவுதான். உள்கண்ணியில் ஒட்டியது வெளிக்கண்ணியில் ஒட்டியதைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். அதைச் சமாளிக்க உருளை வைத்த நெம்புள்ள மைக்ரோ சுவிட்ச் வாங்கினேன். உருளை அகலமாக இருப்பதால் இரண்டும் தட்டும். சக்கரத்தின் உச்சியில் சுவிட்ச். உச்சிக்கு வரும் கண்ணியில் நாக்கு இருந்தால் சுவிட்ச் அழுந்தும்.

முதல் அமைப்பில் நாக்குகளை 'இருக்கலாம்' என்ற மீதிகளில் ஒட்டினேன். ஐந்து சுவிட்சும் வரிசையாக ஒரே கம்பியில். ஐந்தும் அழுந்தினால் விளக்கு எரியும். கணக்கு நேராக இருக்கிறது, நாக்கும் குறைவு, மொத்தம் 93 போதும். புதுச் செயினில் ஆலையிலேயே பூசிய கிரீஸ் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு சூப்பர் குளூவால் ஒட்டினேன்.

பசை காய்வதற்காக வைத்திருந்த மத்தியானத்தில் மருமகன் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். 5-க்குப் பதில் 25-ஐ எடுத்துப் பார்த்திருக்கிறான். x-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 0, 5, 7, 10, 15, 18, 20 என்ற ஏழில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். x 4-இன் மடங்கு என்பதையும் சேர்த்தால் அதன் கடைசி இரண்டு இலக்கம் 00, 20, 32, 40, 60, 68, 80 இவற்றில் ஒன்று. 92825-இலிருந்து மேலே போனால் 32, 40, 60, 68, 80 என்று முடியும் எண்கள் வரிசையாக வரும். அவற்றில் 3-ஆல் வகுபடுபவை 92832, 92868, 92880. "மாமா, மூணே நம்பர்தான் மிஞ்சுது" என்றான். மூன்றுக்கும் வர்க்கம் கண்டுபிடித்துக் கழித்தும் வைத்திருந்தான். முதலாவதில் மிச்சம் 1319425, வர்க்கம் இல்லை. இரண்டாவதில் 8004625, அதுவும் இல்லை. மூன்றாவதில் 10233601. 3200-இன் வர்க்கம் 10240000. அதிலிருந்து 6399-ஐக் கழித்தால் சரியாக 10233601. 6399 என்பது 3200-இன் இரண்டு மடங்குக்கு ஒன்று குறைவு, ஆகவே அது 3199-இன் வர்க்கம். ஒரே தாளில், ஒரே பக்கத்தில் ஜெவன்ஸ் எண் பிரிந்துவிட்டது. நான் அந்தத் தாளை மடித்து எடுத்து வைத்திருக்கிறேன்.

விடை தெரிந்துவிட்டதால் பொறியைச் சோதிக்க வசதியாகிவிட்டது. 92825-க்கு உரிய மீதிகளை உச்சியில் வைத்துத் தொடங்க வேண்டும்: 12-இன் செயினில் 5, 5-இன் செயினில் 0, 7-இன் செயினில் 5, 11-இன் செயினில் 7, 13-இன் செயினில் 5, எண்ணிக்கைச் செயினில் 25. சுற்றினேன். 80 வந்தது, விளக்கு எரியவில்லை. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். 00 இரண்டு முறை கடந்து, 48-இல் பளிச்சென்று எரிந்தது. அதாவது 93048. கணக்குப் போட்டால் மிச்சம் 41469505. 5-இல் முடியும் எந்த வர்க்கமும் 25-இல்தான் முடியும். 05-இல் முடிகிற இது வர்க்கமே அல்ல.

திரும்ப 80-க்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தேன். 11-இன் செயினில் உச்சியில் இருந்த கண்ணியில் நாக்கே இல்லை. தரையில் கிடந்தது. கண்ணியை நகத்தால் சுரண்டினால் வழவழவென்று எண்ணெய். நாம் எவ்வளவு துடைத்தாலும், உருளைக்கும் ஆணிக்கும் நடுவில் தங்கியிருக்கும் எண்ணெய் ஓட ஓட வெளியே கசிந்து பக்கத் தகட்டுக்கு வந்துவிடுகிறது. சூப்பர் குளூ வேறு கண்ணாடி போல இறுகிவிடும், சுவிட்ச் உருளை வந்து தட்டத் தட்ட விண்டுபோகும்.

பசையை மாற்றினால் மட்டும் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. நாக்கு 'இருக்கலாம்' என்ற இடத்தில் இருந்தால், ஒரே ஒரு நாக்கு விழுந்தாலும் விடையே கைநழுவிப் போய்விடும், போனதும் நமக்குத் தெரியாது. விடை தெரிந்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அதையே திருப்பி, 'இருக்கவே முடியாது' என்ற மீதிகளில் நாக்கை ஒட்டி, நாக்கு தட்டினால் மின்சாரம் அறுபடும்படி வைத்தால்? ஒரு நாக்கு விழுந்தாலும் விளக்கு தேவையில்லாத இடத்தில் ஒருமுறை கூடுதலாக எரியும், அவ்வளவுதான். கூடுதலாக ஒரு வர்க்கத்தைச் சரிபார்த்துவிட்டு மேலே போகலாம். தொழிற்சாலையில் அவசர நிறுத்தப் பொத்தானை இப்படித்தான் அமைப்போம்: கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும் பக்கமாகவே விழ வேண்டும். நாக்குகள் 93-இலிருந்து 111 ஆகின. 12-இன் செயினில் மட்டும் 36 கண்ணியில் 33-க்கு ஒட்ட வேண்டியிருந்தது. பரவாயில்லை.

இரண்டாம் முறை ஒட்டுவதற்கு முன் செயின்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, வேறு மண்ணெண்ணெயில் மறுபடி அலசி, கடைசியாகத் தின்னரில் முக்கி எடுத்தேன். பினாங்கு ஈரக்காற்றில் எண்ணெய் இல்லாத இரும்பு தாங்காது. ராத்திரி காயப் போட்ட செயினில் காலையில் செம்பழுப்புப் புள்ளிகள். அதனால் கழுவிய கையோடு, அதே நாளில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டும் இடத்தை மட்டும் 120 உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இந்த முறை இரண்டு குழாயில் வரும் எபாக்சி. சீக்கிரம் இறுகும் வகையை வாங்காதீர்கள், பத்து நாக்கு ஒட்டுவதற்குள் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் வகையை வாங்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெயை ஊசியால் தொட்டு உருளைகளில் மட்டும் வைத்தேன். துரு நின்றது, நாக்கும் நின்றது.

மூட்டிய இடங்களில் இன்னொரு பிரச்சினை. செயின் கட்டரால் ஆணியைத் திரும்ப உள்ளே தள்ளி மூடிய கண்ணி விறைத்துக்கொள்ளும். தொங்கும் வளையத்தில் அது மடங்காமல் முழங்கை போலத் துருத்திக்கொண்டு, பல்லின் மேல் ஏறி ஒரு பல் தாவிவிடும். அந்த இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இரண்டு முறை வளைத்துவிட்டால் இளகிவிடும். 30 கண்ணிச் செயின் மிகவும் இலேசானது. அது இளக்கிய பிறகும் தாவியது. அடிவளைவில் ஒரு பேரிங்கை உட்கார வைத்து, கம்பியால் தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டதும் அடங்கியது.

அப்புறம் விளக்கு. புது அமைப்பில் கைப்பிடியைத் திருப்பினால் ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் விளக்கு மின்னியது. காரணம் எளிது. ஒரு கண்ணி உச்சியை விட்டு நகர்ந்து அடுத்தது வருவதற்குள் எந்த நாக்கும் எந்தச் சுவிட்சையும் தொடாத ஒரு கணம் இருக்கிறது. முதல் அமைப்பில் அந்தக் கணத்தில் எல்லாம் திறந்திருக்கும், விளக்கு எரியாது. இப்போது எல்லாம் மூடியிருக்கும், எரிந்துவிடும். ஆறாவது சுவிட்ச் ஒன்றை அந்த 'டக்' மரக்கைக்கு அடியில் வைத்தேன். உருளை பள்ளத்தில் முழுதாக விழுந்தால்தான் அது மூடும். இடையில் எரிவது நின்றது. 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்இடி, ஆறு சுவிட்ச். மின்சாரப் பகுதி இவ்வளவே.

மறுபடி 25-இல் தொடங்கினேன். 32-இல் 12-உம் 5-உம் 7-உம் 13-உம் விட்டன, 11 மட்டும் தடுத்தது. 44-லும் 56-லும் 5 தடுத்தது. 68-இல் 7 தடுத்தது. 80-இல் ஐந்து சுவிட்சின் நெம்புகளும் ஒன்றுபோல அழுந்தாமல் நின்றன, விளக்கு எரிந்தது. மருமகன் தாளில் எழுதியிருந்ததும் பொறி சொன்னதும் ஒன்றே. தொடக்கத்திலிருந்து 55 பல், கைப்பிடியில் மூன்று சுற்றும் ஒரு பல்லும். நேர்வழியில் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டு போயிருந்தால் 89681-ஐத் தொடுவதற்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல் போட வேண்டும். ஜெவன்ஸ் அந்த வழியை மனத்தில் வைத்துத்தான் யாருக்கும் தெரியவராது என்று எழுதியிருப்பார் என்பது என் எண்ணம். அவர் எடுத்த இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்துவிட்டன, வித்தியாசம் வெறும் 6398. அதனால்தான் 55 பல்லில் முடிந்தது. ஒரு காரணி மற்றதைப் போல இரண்டு மடங்காக இருந்திருந்தால் இதே அளவு எண்ணுக்கு ஏறக்குறைய 5600 பல் சுற்ற வேண்டியிருக்கும். இரண்டும் பகா எண்தானா என்று தனியாக வகுத்தும் பார்த்தோம். 89681-க்கு 293 வரை, 96079-க்கு 307 வரை. எதுவும் வகுக்கவில்லை.

செலவு: செயின் மூன்று 42 வெள்ளி (ரிங்கிட்), பல்சக்கரம் ஏழு 35, மைக்ரோ சுவிட்ச் ஆறு 15, மரக்கம்பு 12, பேரிங் 6, எபாக்சி 9, அலுமினியப் பட்டை 8, பேட்டரி, விளக்கு, கம்பி எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 137 வெள்ளி. பிளைவுட்டும் திருகாணியும் வீட்டில் கிடந்தவை. ஃப்ரீவீலுக்குக் கொடுத்த காசை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை செய்தால் 5-ஐயும் 13-ஐயும் எடுத்துவிட்டு 25-க்கு ஒரு செயின் போடுவேன், 50 கண்ணி. 13 இந்த ஓட்டத்தில் ஒன்றையும் தனியாகத் தடுக்கவில்லை. 25 இருந்திருந்தால் 93048-இல் பொய் விளக்கு எரிந்திருக்காது. 93048-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 23, பட்டியலில் இல்லாதது. நாக்குகளும் 40-க்குப் பதில் 36 போதும். பெரிய குறை ஒட்டுவதில்தான் இருக்கிறது. எபாக்சியில் ஒட்டிய நாக்குகள் இந்த ஒரு எண்ணுக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு எண் என்றால் 7-க்கும் 11-க்கும் மீதிகள் மாறும், எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். 3 மி.மீ. வட்டக் காந்தத்தைக் கண்ணியில் வைத்துப் பார்த்தேன். பிடிக்கிறது, ஆனால் சுவிட்ச் உருளை தட்டினால் நகர்ந்துவிடுகிறது. நாக்கை எல் வடிவத்தில் மடித்து, அடியில் காந்தம் வைத்து, மடிப்பு கண்ணியின் மேல்விளிம்பில் கொக்கி போல உட்காரும்படி செய்தால் நகராது என்று தோன்றுகிறது. நாலு நாக்கு அப்படி வளைத்து 7-இன் செயினில் மாட்டியிருக்கிறேன். அவை நின்றால் மீதியையும் மாற்றிவிட்டு, மருமகன் தேர்ந்தெடுத்துத் தரும் அடுத்த எண்ணை ஓட்டுவேன். காரணிகளை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.